மஞ்சளாகும் நீர்

2004 திசம்பர் 26 காலை ஆழிப்பேரலை தமிழகக் கடற்கரையைத் தாக்கியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 6,000 பேர் மாண்டனர். பிழைத்தோர் பள்ளிகளிலும் திருமண மண்டபங்களிலும் அடைந்து கிடந்தனர். பிணங்கள் அழுகிக் கொள்ளைநோய் பரவுமே என்பதுதான் அப்போது எல்லார் நெஞ்சிலும் இருந்த அச்சம்.

பழமையான அச்சம்; பெரும்பாலும் பிழையானதும் கூட. அலையில் இறந்தவர் நோயால் இறந்தவர் அல்லர். காலராக் கிருமி அவருடலில் புதிதாக முளைத்துவிடாது. (பிணங்களை எடுத்து அடக்கம் செய்வோர்க்குக் கையுறை வேண்டும்; அது வேறு செய்தி.) நோயைப் பரப்புவது உயிரோடிருப்போர் கழிக்கும் மலமும் அது கலந்த நீருமே. 1994 சூலையில் ருவாண்டாவிலிருந்து பல இலட்சம் ஏதிலியர் எல்லை கடந்து கோமா நகர்ப்புறத்தில் குவிந்தனர். அங்குத் தரையெல்லாம் எரிமலைப் பாறை. கழிப்பறைக்குக் குழி தோண்ட இயலவில்லை. குடிக்கக் கிடைத்தது கிவு ஏரியின் நீர். முதல் ஒரு திங்களுக்குள் ஏறத்தாழ 50,000 பேர் மடிந்தனர். பெரும்பாலோரைக் கொண்டுபோனவை காலராவும் குருதிக் கழிச்சலும்.

தமிழகக் கரையில் அத்தகைய கொள்ளைநோய் எழவில்லை. இங்கு மருத்துவமனைகளை நடத்தும் துறையினின்று வேறாக, நோய்த்தடுப்புக்கென்றே தனித்துறை உண்டு. 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் அதற்குப் பின்பலம். சுகாதார ஆய்வாளரும் கிராம சுகாதாரச் செவிலியரும் பேரிடர் நாளில் திரட்டப்பட்டவர் அல்லர். எந்தக் கிணறு உவர்ப்பு, எந்த வீட்டில் கைக்குழந்தை என்பதெல்லாம் முன்பே அறிந்தவர்கள்.

ஆய்வாளரின் பணியை அருகே நின்று காண்போம். வெளுப்புத்தூளை, மக்கள் நாவில் பிளீச்சிங் பவுடரை, அவர் அப்படியே குடிநீர்த் தொட்டியில் கொட்டுவதில்லை. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படியும்வரை காத்து, தெளிந்த மேல்நீரை மட்டும் ஊற்றுகிறார். அரைமணி கழித்துக் குழாய்நீரைச் சோதனைக் குழலில் பிடித்து, குளோரினைக் காட்டித்தரும் ஆர்த்தோடொலிடின் துளிகளை விடுகிறார். நீர் மஞ்சளாகிறது. அம்மஞ்சளின் அடர்த்தியை நிற அட்டையோடு ஒப்பிட்டு, லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரினேனும் எஞ்சியுள்ளதா என நோக்குகிறார். எஞ்சுவதில்தான் எல்லாம் இருக்கிறது. கலந்த குளோரின் அழுக்கையும் கிருமியையும் அழிப்பதிலேயே செலவாகும். மிச்சமிருந்தால்தான் பின்னர்க் குடத்துக்குள் நுழையும் கையின் மாசையும் அது எதிர்கொள்ளும். கலங்கல் நீர் குளோரினை விரைந்து விழுங்கிவிடும். ஈரம் கோத்த மூட்டையிலுள்ள தூளோ முன்பே வீரியம் இழந்திருக்கும். ஆகவே ஏட்டில் எழுதிய அளவை நம்பிப் பயனில்லை. தொட்டிதோறும் நாள்தோறும் குழலை நிறைத்தே ஆகவேண்டும்.

இதே தூளைத் தெருவோரமெங்கும் வெண்கோடாகத் தூவும் வழக்கமும் நம்மிடையே உண்டு. பெரியோர் வருகை இருப்பின் கோடு சற்றுத் தடிக்கும். பார்ப்போர் கண்ணுக்கு அது ஆறுதல். கிருமிக்கு அதனால் பேரிடையூறு எதுவுமில்லை.

தட்டம்மை வேறு வகை. அது காற்றில் செல்வது. நெருக்கமே அதற்குத் தீனி. திசம்பர் 29 முதலே 6 திங்கள் முதல் 5 அகவை வரையுள்ள குழந்தைகளுக்குத் தடுப்பூசி இடப்பட்டது. ஆயினும் கடலூர் மாவட்டத்தில் நோய் தலைகாட்டியது. ஐந்தைக் கடந்த சிறுவரையும் அது பற்றியது. தமிழகத்தில் ஒரு தவணை ஊசி 95 விழுக்காட்டினருக்கு மேல் போடப்பட்டிருந்தும் இந்நிலை. ஒற்றைத் தவணை சிலரைக் காவாது விடும். அத்தகையோர் ஆண்டுதோறும் சேர்ந்து ஒரு கூட்டமாவர். அகவை வரம்பை இன்னும் உயர்த்தியிருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

செவிலியரின் கருவி ஒரு குறிப்பேடு. வயிற்றுப்போக்கு எத்தனை பேர்க்கு, காய்ச்சல் எத்தனை பேர்க்கு என முகாம் முகாமாக நாள்தோறும் எழுதுவார். பெரும்பாலும் சுழியமும் ஒன்றுமாகவே நிரம்பும் பக்கங்கள் அவை. ஒரு முகாமில் ஒன்று மூன்றானால், அன்றைக்கே ஆய்வாளர் அங்குள்ள குழாயைத் திறந்து சோதனைக் குழலை நீட்டுவார்.