பக்கத்து மாநிலத்தின் மேல் ஒரு நகரத்துக்குக் கோபம் வந்தால்

வேறொரு மாநிலம் போட்ட சட்டத்தை ஒரு நகர நிர்வாகம் எப்படி எதிர்க்கும்? கண்டனத் தீர்மானம் போடலாம், யாரும் சட்டை செய்ய மாட்டாங்க. 2010-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் வேறு வழியில் போனது: "உங்க ஊர் கம்பெனிகளுக்கு எங்க காசு கிடையாது."

அந்த ஏப்ரலில் அரிசோனா கவர்னர் ஜான் ப்ரூவர் 'எஸ்பி 1070' சட்டத்தில் கையெழுத்திட்டார். வேறு காரணத்துக்காக நிறுத்திய ஒருவர் மேல் சந்தேகம் வந்தால், அவர் முறைப்படி குடியேறியவரா என்று போலீஸ் விசாரித்தே ஆகணும். சந்தேகம் எதை வைத்து வரும்? தோல் நிறத்தை வைத்துத்தான் என்று லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் பயந்தார்கள். மே 12 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மன்றம் 13-1 என்று புறக்கணிப்புக்கு வாக்களித்தது. சான் பிரான்சிஸ்கோ, ஓக்லாந்து, ஆஸ்டின், சியாட்டில் எல்லாம் இதே பக்கம்.

இது சட்டப்படி செல்லுமா? மாநிலங்களுக்கு இடையிலான வியாபாரத்தை ஒரு நகரம் தடுக்க முடியாது. ஆனால் நகரமே பொருள் வாங்கும்போது அதுவும் ஒரு வாடிக்கையாளர். எந்தக் கடையில் வாங்குவது என்பது அதன் இஷ்டம். இதற்கும் எல்லை உண்டு. பர்மாவோடு தொழில் செய்யும் கம்பெனிகளிடம் வாங்குவதை மாசசூசெட்ஸ் 1996-ல் கட்டுப்படுத்தியது. மத்திய அரசின் பர்மா கொள்கையோடு மோதுகிறது என்று உச்ச நீதிமன்றம் 2000-ல் அதை ரத்து செய்தது.

சரி, எவ்வளவு பணம்? லாஸ் ஏஞ்சல்ஸின் வருட பட்ஜெட் 600 கோடி டாலருக்கு மேல். புறக்கணிப்பில் சிக்கக்கூடிய ஒப்பந்தங்கள் சுமார் 80 லட்சம் டாலர்தான். அதிலும் ஓட்டை விழுந்தது. சிக்னலில் சிவப்பு விளக்கை மீறுபவர்களைப் படமெடுக்கும் கேமராக்களை நடத்தியது அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேல் நகரக் கம்பெனி. பாதுகாப்பு விஷயமாச்சே என்று அதற்கு விலக்கு கொடுத்தார்கள்! எனக்குச் சிரிப்பு வரலை. எங்க ஆபீஸில் ஒரு டேட்டாபேஸ் வெண்டரை மாத்தவே ரெண்டு வருஷம் ஆச்சு.

இதற்குள் அரிசோனாவின் மின்துறை ஒழுங்குமுறை ஆணைய உறுப்பினர் கேரி பியர்ஸ் லாஸ் ஏஞ்சல்ஸ் மேயருக்குக் கடிதம் எழுதினார்: உங்க மின்சாரத்தில் கால்வாசி இங்கேயிருந்துதான் வருது, வேண்டாம்னா சொல்லுங்க. வெத்து மிரட்டல்தான். அங்கிருந்த நவாஹோ அனல்மின் நிலையத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சொந்தக்காரரே லாஸ் ஏஞ்சல்ஸ்தான்.

உண்மையான அடி விழுந்தது ஹோட்டல்களில். பல சங்கங்கள் தங்கள் மாநாடுகளை ரத்து செய்தன. 14.1 கோடி டாலர் செலவு அரிசோனாவுக்கு வராமல் போனது என்று 'சென்டர் ஃபார் அமெரிக்கன் ப்ராக்ரஸ்' கணக்குப் போட்டது (அவர்கள் சட்டத்தை எதிர்த்த தரப்பு என்பதையும் சேர்த்துப் படிக்கணும்). வலித்தது பீனிக்ஸ் நகரத்துக்கு. அதன் மேயரே இந்தச் சட்டத்தை எதிர்த்தவர். ஹோட்டல் அறைகளைச் சுத்தம் செய்தவர்களில் பலர், இந்தச் சட்டத்துக்குப் பயந்த அதே சமூகம். இந்த இடம்தான் எனக்கு இன்னும் உறுத்துது. மாநாடுகளை நடத்தாதீர்கள் என்று முதலில் கேட்ட அரிசோனா எம்.பி. ராவுல் கிரிஹால்வாவும், ஜூலையில் நீதிமன்றம் சட்டத்தின் முக்கியப் பகுதிகளை நிறுத்தி வைத்ததும், போதும் என்றுவிட்டார்.

அதனால் புறக்கணிப்பு வீண் என்றும் சொல்ல முடியலை. 2011 மார்ச்சில் அரிசோனா செனட்டுக்கு மேலும் ஐந்து குடியேற்ற மசோதாக்கள் வந்தன. வியாபாரம் கெடுது, வேண்டாம் என்று 60 கம்பெனித் தலைவர்கள் கடிதம் எழுதினார்கள். சில நாட்களில், குடியரசுக் கட்சிக்குப் பெரும் பெரும்பான்மை இருந்த அதே செனட்டில் ஐந்தும் தோற்றன.