சிறைவாசல் தாண்டிய பிறகு

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக், பிளாட்லாக் மெஷின் ஓட்டத் தெரிந்தவருக்கு வேலை எளிதில் கிடைக்கும். ஆனால், பக்கத்துக் கோவை மத்திய சிறையிலிருந்து வருபவர் ஒரு கேள்வியில் தடுமாறிவிடுகிறார்: "இத்தனை வருஷம் எங்கே இருந்தீங்க?"

இந்தத் துயரம் புதிதல்ல.

அதே சிறையில் செக்கிழுத்த விடுதலைப் போராட்ட வீரர் வ.உ.சிதம்பரனார், பின்னர் மாற்றப்பட்ட கண்ணனூர் சிறையிலிருந்து 1912 டிசம்பரில் விடுதலையானார். அவர் தொடங்கிய கப்பல் கம்பெனி கைவிட்டுப் போயிருந்தது. வக்கீல் தொழில் செய்வதற்கான உரிமமான சனதும் பறிபோயிருந்தது. சென்னையில் அரிசியும் மண்ணெண்ணெயும் விற்றுப் பிழைத்தார். நீதிபதி வாலஸ் உதவியால் சனது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியில் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார்.

இன்றும் அப்படியொரு கை தேவை. தமிழகச் சிறைகளில் தையலும் நெசவும் கற்றுத் தருகிறார்கள். கைதிகள் பெட்ரோல் பங்குகளையும் நடத்துகிறார்கள். கற்ற தொழில் சோறு போட, வேலை தரும் முதலாளியும் வீடு தரும் உரிமையாளரும் முன்வர வேண்டும்.