இடைவேளைக்குப் பின்

மெல்போர்ன் நகரத்துக் கிரிக்கெட் மைதானம் நம் வாசகர்களுக்குப் புதியதன்று. 1981-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், காயமுற்ற காலுடன் கபில்தேவ் பந்து வீசி, ஆஸ்திரேலியரை 83 ஓட்டங்களுக்குள் வீழ்த்தி நமக்கு வெற்றி தேடித் தந்தது அந்த மைதானத்திலேதான். ஆயினும் அவ்வூர் மக்களைக் கேட்டால், கோடையில் மட்டுமே அது கிரிக்கெட்டுக்கு உரியது என்றும், குளிர்காலம் முழுவதும் தங்கள் சொந்தப் பந்தாட்டத்திற்கே உரியது என்றும் சொல்வார்கள். 1970-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் அங்கே கார்ல்டன் கோஷ்டியார் ஆடிய இறுதி ஆட்டத்தைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறோம். தோல்வி உறுதி என்று ஊரார் முடிவு கட்டிய பின்பும் ஒரு கோஷ்டி என்ன செய்யக்கூடும் என்பதற்கு அது நல்லதொரு சான்று.

முதலில் அந்த ஆட்டத்தின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்வோம். 1858-ல் டாம் வில்ஸ் என்னும் கிரிக்கெட் வீரர், குளிர்காலத்தில் கிரிக்கெட் ஆட்டக்காரர்களின் உடல் தளர்ந்து போகாதிருக்க ஒரு பந்தாட்டக் கழகம் வேண்டும் என்று பத்திரிகைக்கு எழுதினார். மறு ஆண்டிலேயே விதிகள் எழுதப்பட்டன. ஒரு பக்கத்துக்குப் 18 பேர். பந்து முட்டை வடிவானது. மைதானத்தின் இரு கோடியிலும் நான்கு நான்கு கம்பங்கள் நிற்கும். நடுக் கம்பங்கள் இரண்டிற்கும் இடையே பந்தை உதைத்துச் செலுத்தினால் அது கோல். அதற்கு 6 புள்ளிகள். சற்றே விலகி ஓரக் கம்பத்தின் உட்புறமாகச் சென்றால் ஒரு புள்ளிதான். பந்தைக் கையால் எறிதல் கூடாது. ஒரு கையில் ஏந்தி மறு கையின் முஷ்டியால் குத்தித் தோழனுக்கு அனுப்பலாம். உதைபட்டு வரும் பந்தைத் தரையில் விழாமல் பிடித்தவனுக்கு, தடையின்றி உதைக்கும் உரிமை உண்டு. ஆகவே அதைப் பிடிப்பதற்காக ஒருவர் தோளின்மேல் மற்றொருவர் எழும்புவது அவ்வாட்டத்தின் தனி அழகு.

அன்று மோதிய இரு கோஷ்டிகளும் அண்டை வீட்டுப் பங்காளிகளைப் போன்றவை. கார்ல்டன், காலிங்வுட் இரண்டும் மெல்போர்னில் ஒன்றுக்கொன்று அருகிலுள்ள பேட்டைகள். 1958-க்குப் பிறகு கோப்பையைக் காணாத காலிங்வுட், 1964-ல் 4 புள்ளிகளிலும் 1966-ல் ஒரே ஒரு புள்ளியிலும் இறுதி ஆட்டத்தைப் பறிகொடுத்திருந்தது. அந்த ஏக்கத்துடன் வந்த அதன் அன்பர்களும் சேர்ந்து, மைதானத்தில் அன்று கூடியவர்கள் 1,21,696 பேர். இந்த ஆட்டத்தைக் காண அதற்கு முன்னும் பின்னும் அத்தனை பேர் கூடியதில்லை.

ஆட்டம் தொடங்கியது. முதற் கால் பகுதி முடிந்தபோது காலிங்வுட் 32 புள்ளிகள், கார்ல்டன் 3! ஒரு கோல் கூட அதற்குக் கிட்டவில்லை. அந்த ஆண்டில் 143 கோல்கள் அடித்த பீட்டர் மெக்கென்னா, காலிங்வுட்டின் முன்னணியில் நின்று பந்தைப் பிடிப்பதும் கோலுக்கு அனுப்புவதுமாக இருந்தார். இரண்டாம் பகுதியிலும் அதே கதைதான். இடைவேளை மணி அடித்தபோது காலிங்வுட் 73, கார்ல்டன் 29. 44 புள்ளிகள் வேற்றுமை. அதுவரை எந்த இறுதி ஆட்டத்திலும் இவ்வளவு பின்தங்கிய கோஷ்டி மீண்டு வென்றதில்லை.

எனினும் அந்த இருட்டிலும் ஒரு மின்னல் தோன்றியது. இரண்டாம் பகுதியில் உயரே வந்த ஒரு பந்துக்காக, கார்ல்டனின் அலெக்ஸ் ஜெசலெங்கோ தம்மினும் நெடியவரான கிரேம் ஜென்கின் தோள்மேல் எழும்பி, வானத்திலேயே சற்று நின்றவர்போல் பந்தைப் பற்றினார். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வர்ணித்தவர்கள் ஆர்ப்பரித்தனர். இன்று ஆண்டுதோறும் தலைசிறந்த பிடிக்கு வழங்கப்படும் பதக்கம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

ஜெசலெங்கோ யார்? உக்ரேனியத் தந்தைக்கும் ருஷ்யத் தாய்க்கும் 1945-ல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். போரால் சிதறுண்டு, 1949-ல் கப்பலேறி வந்த அகதிக் குடும்பம் அது. கான்பெராவில் வளர்ந்த சிறுவன் முதலில் ஆடியவை வேறு பந்தாட்டங்களே. அந்நாட்டாரின் சொந்த ஆட்டத்தைப் பின்னரே கற்றான். அவனே 1970-ல் 115 கோல்கள் அடித்து, கார்ல்டன் வரலாற்றில் ஓராண்டில் நூறு கோல்களைத் தாண்டிய முதல் வீரனானான். பிறந்த ஊரை விட்டு வந்து, பிள்ளைகளை வேற்று மொழித் தெருக்களில் விளையாட அனுப்பும் நமக்கு இதன் பொருளை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

இடைவேளையில் என்ன நடந்தது என்பதுதான் இக்கதையின் உயிர்நாடி. கார்ல்டனின் பயிற்சியாளர் ரான் பராசி. அவருடைய தந்தையும் புகழ்பெற்ற ஆட்டக்காரர். 1941-ல் தொப்ரூக் போர்க்களத்தில் உயிர் நீத்தவர். தந்தையற்ற பிள்ளையைத் தந்தையின் கோஷ்டித் தோழரான நார்ம் ஸ்மித் தம் இல்லத்தில் வைத்து வளர்த்து வீரராக்கினார். அந்த பராசி, இடைவேளையில் இரண்டு முடிவுகளைச் செய்தார். நின்று நிதானித்து நெடுந்தூரம் உதைத்துக் கொண்டிருந்தால் காலிங்வுட்டின் நெடிய வீரர்களே பந்தைப் பிடிப்பார்கள்; ஆகவே பந்தை முஷ்டியால் குத்தித் தோழர்க்கு அனுப்பி, இடையறாது ஓடுங்கள் என்றார். இது முதல் முடிவு. டெட் ஹாப்கின்ஸ் என்ற 21 வயது இளைஞரைக் களத்தில் இறக்கியது இரண்டாவது.

ஹாப்கின்ஸ் அதுவரை பெஞ்சியில் அமர்ந்திருந்த பத்தொன்பதாம் ஆட்டக்காரர். அக்கால விதிப்படி வெளியேற்றப்பட்டவர் மீண்டும் களம் புக முடியாது. ஆகவே மாற்று ஆளை இறக்குவது திரும்பப் பெற முடியாத முடிவு. சிறிய உடலும் விரைந்த காலும் கொண்ட அவ்விளைஞர், மூன்றாம் பகுதி தொடங்கிய சில நிமிடங்களுக்குள்ளாகவே கோல்கள் அடித்தார். கோஷ்டி முழுவதும் தீப்பற்றியதுபோல் எழுந்தது. அப்பகுதியில் கார்ல்டன் அடித்தவை 8 கோல்கள். குறி தவறியது ஒன்றேனும் இல்லை. வேற்றுமை 17 ஆகச் சுருங்கியது. இடைவேளைக்கு முன் தன் தோழர் ஒருவருடனேயே மோதி அடிபட்ட மெக்கென்னாவோ, பின்னர் பழைய மெக்கென்னாவாக இல்லை.

கடைசிப் பகுதியில் காலிங்வுட்டுக்குக் கிடைத்தது ஒரே கோல். கார்ல்டன் முந்தியது. இறுதி நிமிடங்களில் ஜெசலெங்கோ உதைத்த பந்து தரையில் துள்ளித் துள்ளி, காவலற்ற கம்பங்களுக்கிடையே உருண்டோடியது. கார்ல்டன் 111, காலிங்வுட் 101. பிற்பாதியில் மட்டும் கார்ல்டன் சேர்த்தவை 82, காலிங்வுட் 28. ஹாப்கின்ஸ் அடித்த கோல்கள் நான்கு.

வென்றவர் புகழைப் பாடுவது எளிது. தோற்றவர் கணக்கையும் பார்ப்பது நியாயம். அன்று கம்பங்களை நோக்கிக் காலிங்வுட் பெற்ற பயன் 31 முறை. கார்ல்டன் 26 முறையே. ஆனால் காலிங்வுட்டின் 31-ல் 17 குறி விலகி ஒற்றைப் புள்ளியாயின. முற்பாதியில் வெள்ளம்போல் ஆடியபோதே 13 வாய்ப்புகள் இவ்வாறு சிதறின. அவற்றில் மூன்று நேரே சென்றிருந்தாலும் கோப்பை கைமாறியிருக்கும். செழிப்பான நாளில் சிந்தியதை வறட்சி நாளில்தான் எண்ணிப் பார்க்கிறோம். காலிங்வுட் அடுத்த கோப்பையைக் கண்டது 1990-ல். அதாவது 32 ஆண்டுகளுக்குப் பின்னர்.

பராசி மேலும் இரு கோப்பைகளை வேறொரு கோஷ்டிக்கு வென்று தந்து, 2023-ல் காலமானார். ஹாப்கின்ஸ் அடுத்த ஆண்டிலேயே பெரிய ஆட்டங்களினின்று விலகிவிட்டார். பின்னாளில் கவிதை எழுதினார். ஆட்டத்தின் ஒவ்வோர் அசைவையும் எண்ணிக் கணக்கிடும் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவராகவும் விளங்கினார். அவருடைய பெயர் நின்றதென்னவோ அந்த ஓர் அரை ஆட்டத்தினால்தான்.

நம் சங்கத்து விளையாட்டு விழாக்களிலும் கோஷ்டியில் இடம் பெறாமல் ஓரத்தில் அமர்ந்து, பிறர் சட்டைகளுக்கும் தண்ணீர்க் கூஜாவுக்கும் காவலிருக்கும் பிள்ளை ஒருவன் எப்போதும் உண்டு. அவனை அழைக்க மனமில்லாமல் பல ஆட்டங்களை முடித்திருக்கிறோம். அடுத்த முறை இடைவேளையில் அவன் பக்கமும் ஒருமுறை திரும்பிப் பார்ப்போமாக. வெற்றி வருமென்று உறுதி கூற இயலாது. ஆனால் அவன் ஆயத்தமாக இருக்கிறானா என்பதை, அவனைக் களத்தில் இறக்கிய பிறகே நாம் அறிய முடியும்.