உடைப்பதற்கு முன் புரட்டிப் பாருங்கள்

அமெரிக்காவில் எண்பது, நூறு வருடப் பழைய வீட்டை வாங்கிக் குளியலறையைப் புதுப்பிக்க இறங்குகிறவர்களுக்கு முதல் தலைவலி தொட்டிதான். வார்ப்பிரும்பில் செய்த ஐந்தடித் தொட்டி 300 பவுண்டைத் தாண்டும். கிட்டத்தட்ட 140 கிலோ. மாடிப்படியோ குறுகல். வேலைக்கு வருகிறவர் சம்மட்டியால் உடைத்துத் துண்டு துண்டாக இறக்கிவிடலாம் என்பார். பல வீடுகளில் அதுதான் சரி. ஆனால் சில தொட்டிகளை அப்படி உடைப்பது பெரிய நஷ்டம்.

முதலில் அது வார்ப்பிரும்புதானா என்று பாருங்கள். காந்தம் ஒட்டாவிட்டால் அக்ரிலிக் அல்லது ஃபைபர், விட்டுவிடலாம். ஒட்டினாலும் முடிவு கட்டிவிட முடியாது, எனாமல் பூசிய எஃகுத் தகட்டிலும் காந்தம் ஒட்டும். பக்கவாட்டில் கையால் தட்டினால் எஃகு தகரம்போல அதிரும், வார்ப்பிரும்பு ‘தொம்’மென்று அடங்கும்.

மேலே இருக்கும் வெள்ளைப் பூச்சு பெயின்ட் அல்ல, கண்ணாடி. பழுக்கக் காய்ச்சிய வார்ப்பின்மேல் கண்ணாடித் தூளைத் தூவி உருகவிட்டு ஒட்டவைப்பார்கள். விஸ்கான்சினில் ஜான் மைக்கேல் கோஹ்லர் 1883இல் ஒரு குதிரைத் தண்ணீர்த் தொட்டிக்கு இப்படி எனாமல் பூசி, நான்கு கால் வைத்துக் குளியல் தொட்டியாக விற்றார் என்பது கோஹ்லர் நிறுவனமே சொல்லிவரும் வரலாறு. தலைமுறைகள் கடந்தும் பளபளப்பு நிற்பது இந்தக் கண்ணாடியால்தான்.

இனி கணக்கு. பழைய இரும்பு எடுக்கும் யார்டில் பவுண்டுக்குப் பத்து சென்ட் தருகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், 300 பவுண்டுத் தொட்டிக்கு 30 டாலர். வண்டி வாடகைக்கே அது சரியாகிவிடும். முழுசாக விற்றால் நிலைமை வேறு, ஆனால் எல்லாத் தொட்டிக்கும் அல்ல. சுவரோடு சேர்த்துப் பதித்த சாதாரண வெள்ளைத் தொட்டியை இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்க ஆள் கிடைப்பது கஷ்டம். விலை போவது நகக்கால் வைத்துத் தனியாக நிற்கும் தொட்டி. அடுத்தபடி வண்ணத் தொட்டிகள்: கோஹ்லர் நிறுவனம் 1927இல் வண்ணச் சாமான்களைக் கொண்டுவந்த பிறகு பச்சை, இளஞ்சிவப்பு, கறுப்பு என்று பல வீடுகளுக்குப் போயின. அதே நிறத்தில் வாஷ்பேசினும் இருந்தால் இரண்டையும் பிரிக்காதீர்கள். ஜோடியாகத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

சமையலறை சிங்க்குகளில், உயர்ந்த முதுகும் பாத்திரம் வடியவிடும் சாய்தளமும் ஒரே வார்ப்பாக அமைந்தவைக்கு நல்ல கிராக்கி. இவற்றில் பல, சுவரில் அறைந்த ஒரு இரும்புத் தாங்கியில் மாட்டித் தொங்குபவை. சிங்க்கைக் கழற்றிவிட்டுத் தாங்கியைச் சுவரிலேயே விட்டுவிடுகிறவர்கள் அதிகம். வாங்குகிறவர் அதை எதில் மாட்டுவார்? தாங்கியும் சேர்ந்து போக வேண்டும்.

விற்பதாக இருந்தால் அடிப்புறத்தைப் படம் எடுங்கள். வார்த்த தேதியும் தயாரித்தவர் பெயரும் பெரும்பாலும் அங்கேதான் எழும்பிய எழுத்தில் இருக்கும். நீளம், எனாமல் பெயர்ந்த இடங்கள், குழாய்த் துளைகளின் இடைவெளி ஆகியவற்றையும் சொல்லிவிடுங்கள். பழைய நகக்கால் தொட்டிகளில் அந்த இடைவெளி பெரும்பாலும் 3⅜ அங்குலம். அதற்கேற்ற குழாய் இன்றும் கிடைக்கிறது. கால்கள் நான்கும் அந்தத் தொட்டிக்கென்றே வார்த்தவை, ஒன்று தொலைந்தாலும் விலை விழும். தூக்கும்போது அவை தானாக நழுவிக் காலில் விழக்கூடும் என்பதால் தொட்டியைச் சாய்த்து முதலில் அவற்றைக் கழற்றுங்கள். நான்கு பேர் இல்லாமல் தூக்க வேண்டாம்.

பழசைப் புதுசாக்கி விற்கலாம் என்று நினைக்கிறவர்களிடம் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பூச்சை உரிக்க மெத்திலீன் குளோரைடு கலந்த திரவத்தைப் பயன்படுத்தியபோது, 2000 முதல் 2011 வரை தொட்டி புதுப்பிக்கும் வேலையில் 13 பேர் இறந்ததை அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012இல் பதிவு செய்தது. அந்தத் திரவத்தின் ஆவி காற்றைவிடக் கனமானது. தொட்டிக்குள்ளேயே தேங்கும், குனிந்து வேலை செய்கிறவரின் முகமும் அங்கேதான் இருக்கும். சின்னக் குளியலறை, மூடிய ஜன்னல் என்றால் தப்பிக்க நேரமே இருக்காது. மக்களுக்கான சில்லறை விற்பனையை 2019இல் தடை செய்தார்கள். பழைய டப்பா வீட்டில் கிடந்தால் அதைத் திறக்கவே வேண்டாம். இன்னொன்று ஈயம்: தொட்டியின் வெளிப்புறத்தில் 1978க்கு முந்தைய பெயின்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்கலாம், பழைய எனாமலிலும் இருக்கலாம். சோதிக்காமல் உப்புத்தாள் போடாதீர்கள். குழந்தையைக் குளிப்பாட்டவோ கீரை வளர்க்கவோ அந்தத் தொட்டியை எடுப்பதானாலும் முதலில் ஈயச் சோதனை.

உடைப்பதுதான் முடிவென்றால் அதற்கும் முறை உண்டு. தோசைக்கல் கைதவறி விழுந்தால் வளையாமல் இரண்டாகப் பிளக்குமே, இதுவும் அதே வார்ப்பிரும்புதான். கரி 2 முதல் 4 சதவீதம் சேர்ந்திருப்பதால் அடிக்கு நொறுங்கும். ஆபத்து இரும்பில் மட்டும் இல்லை, எனாமலிலும் இருக்கிறது: கண்ணாடிச் சில்லாகத் தெறிக்கும். தண்ணீரை அடைத்து, வடிகுழாயைப் பிரித்துவிட்டு, தொட்டியின்மேல் கனத்த படுதாவோ பழைய கம்பளியோ போர்த்தி அடியுங்கள். பாதுகாப்புக் கண்ணாடியும் தடித்த கையுறையும் காதடைப்பும் இல்லாமல் சம்மட்டியைத் தொடவேண்டாம். விளிம்பில் தொடங்கிப் பக்கச் சுவர்களுக்கு வாருங்கள். அதிர்ச்சியில் கீழ்த்தளத்தின் உட்கூரைப் பூச்சு உதிரலாம், அங்கே யாரும் நிற்கக் கூடாது.

யார்டுக்குப் போகுமுன் பித்தளையைப் பிரித்துவிடுங்கள். வடிகால் வளையம், மேல்வழிந்தோடி, குழாய் எல்லாம் பித்தளையாக இருந்தால் அதற்கு இரும்பைப் போலப் பல மடங்கு விலை. இரும்போடு சேர்த்துப் போட்டால் இரும்பு விலைதான் கிடைக்கும். இறுகிப்போன வடிகால் வளையத்தை முழுசாக விற்கப்போகும் தொட்டியிலிருந்து எடுப்பதென்றால், உள்ளிருந்து ரம்பத்தால் ஒரு வெட்டுக் கொடுத்து உளியால் மெல்லத் திருப்ப வேண்டும். வெட்டு ஆழமானால் எனாமலே போய்விடும். உடைத்த துண்டுகளுக்கு அந்தக் கவலை இல்லை. எனாமல் உலையில் கசடாகப் பிரிந்துவிடும், ஆனாலும் எனாமல் பூசியதற்கு விலை குறைக்கிற யார்டும் உண்டு. வண்டி ஏற்றுவதற்கு முன் போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.