கத்திரி விடியலில் பொழியும் எரிகற்கள்

எரிகல் பொழிவு என்றதும் ஆகஸ்ட் 12, 13 தேதிகளின் பெர்சீட்ஸும் டிசம்பர் 13, 14-இன் ஜெமினிட்ஸும்தான் செய்திகளில் அடிபடும். அதை நம்பிப் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் மொட்டை மாடிக்குப் போகிறவர்கள் பல வருஷம் மேகத்தைத்தான் பார்த்துவிட்டு இறங்குகிறார்கள். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை முழுதாக ஓய்ந்திருக்காது. ஆகஸ்டில் இடிமழை மேகம். போதாக்குறைக்கு, பெர்சீட்ஸ் வடவானத்துக்குரியது. 11 பாகை அட்சரேகையில் இருக்கும் நமக்கு அது உயரமாக ஏறுவதே இல்லை.

இந்த இரு மாவட்டங்களுக்கும் வாய்த்த பொழிவு வேறு. அக்னி நட்சத்திரம் தொடங்கும் அதே நாட்களில், மே 5, 6 தேதிகளில் உச்சம் தொடும் ஈட்டா அக்வாரிட்ஸ்.

இரண்டும் சேர்ந்து வருவதில் ஒரு கணக்கு இருக்கிறது. சூரியன் கார்த்திகை நட்சத்திரத்தை ஒட்டி நிற்கும் காலத்தைத்தான் அக்னி நட்சத்திரம் என்கிறோம். சூரியன் அங்கே நிற்பதாக நமக்குத் தெரிவது, பூமி தன் பாதையில் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்துவிட்டதால்தான். அந்த இடத்தில்தான் ஹாலி வால்நட்சத்திரம் விட்டுச்சென்ற தூசுப் படலமும் குறுக்கிடுகிறது. பஞ்சாங்கம் வெயிலுக்குக் குறித்த தேதி எரிகல்லுக்கும் பொருந்திப்போகிறது.

ஹாலியின் தூசு

ஹாலி கடைசியாகச் சூரியனைச் சுற்றிப் போனது 1986-இல். மறுபடி வருவது 2061-இல். ஆனால் பல நூற்றாண்டுகளுக்கு முன் அது உதிர்த்த துகள்கள் அதன் பாதை நெடுகப் பரவிக் கிடக்கின்றன. அவற்றைப் பூமி ஆண்டுக்கு இருமுறை கடக்கிறது. அக்டோபர் 21 வாக்கில் கடக்கும்போது ஓரியானிட்ஸ். அது நமக்குப் பருவமழை தொடங்கும் வாரம். மே மாதக் கடப்புதான் நமக்கு லாபம்.

துகள்களில் பெரும்பாலானவை மணல் அளவுதான். ஆனால் ஹாலி, பூமி சுற்றும் திசைக்கு எதிர்த் திசையில் சுற்றுகிறது. எனவே இரண்டின் வேகமும் ஏறக்குறைய நேருக்கு நேர் கூடி, துகள் நொடிக்கு 66 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுமண்டலத்துக்குள் பாய்கிறது. அதன் முன்னாலிருக்கும் காற்று அழுந்திக் கொதிக்கிறது, துகள் ஆவியாகிறது, அந்த ஆவியும் சுற்றியுள்ள காற்றும் ஒளிர்கின்றன. சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் எல்லாம் முடிந்துவிடும், தரைக்கு எதுவும் வந்து சேராது. வேகம் அதிகம் என்பதால் சில எரிகற்கள் மறைந்த பின்னும் அவை போன தடம் ஓரிரு நொடி மினுங்கும்.

ஏன் விடியற்காலை?

மழையில் ஓடும் பேருந்தின் முன்கண்ணாடியில்தான் தூறல் அதிகம் அடிக்கும், பின்கண்ணாடியில் குறைவு. நள்ளிரவு தாண்டினால் நாம் நிற்கும் பக்கம் பூமியின் முன்கண்ணாடி ஆகிவிடுகிறது.

எரிகற்கள் கிளம்பிவருவது போலத் தோன்றும் இடம் கும்ப ராசியில், சதயம் இருக்கும் பக்கம். அது நமக்கு இரவு 2 மணிக்குச் சற்று முன் கிழக்கே உதிக்கும். நாலரைக்குள் பாதி வானம் ஏறிவிடும். லண்டனில் அது தலைகாட்டிக் கொஞ்ச நேரத்திலேயே விடிந்துவிடுகிறது. ஆக, 3 முதல் 4.30 மணி வரை நமக்கான நேரம். மணிக்கு 50 என்று நூல்களில் இருப்பது, வானம் முழு இருட்டாகவும் அந்த இடம் உச்சந்தலைக்கு நேரேயும் இருந்தால் கிடைக்கும் எண்ணிக்கை. வயல்வெளியில் 20 தேறினால் நல்ல இரவு.

எங்கே போகலாம்?

அரியலூரைச் சுற்றிச் சிமெண்ட் ஆலைகளின் வெளிச்சமும் தூசும் உண்டு. அவற்றைவிட்டு விலகி, கிழக்கு மறையாத இடம் வேண்டும். பச்சைமலையின் கிழக்கு அடிவார ஊர்களில் மலை முதுகுப் பக்கம் போய்விடும். சாத்தனூர், காரைப் பக்கத்துத் தரிசுகளும் தோது. தொலைநோக்கி வேண்டாம், அதில் வானத்தின் ஒரு துண்டுதான் தெரியும். பாயை விரித்து மல்லாந்து படுங்கள். கண் இருட்டுக்குப் பழக 20 நிமிடமாவது ஆகும். நடுவில் செல்போனைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து.

படுத்திருக்கும் மண்ணுக்கும் விண்கல்லுக்கும் பழைய தொடர்பு உண்டு. இங்கே கிரெட்டேசியஸ் காலக் கடல் இருந்தது. ஆலைகளுக்கு வெட்டும் சுண்ணாம்புக்கல் அந்தக் கடல் தந்தது. கல்லமேடு அடுக்கில் டைனோசர் எலும்புகள் கிடைக்கின்றன. அதற்கு மேலுள்ள நின்னியூர் அடுக்கில் டைனோசர்கள் இல்லை. இடைப்பட்ட காலத்தில், 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், சுமார் 10 கிலோமீட்டர் அகல விண்கல் ஒன்று மெக்சிகோ பக்கம் மோதியது. மணல் அளவென்றால் வேடிக்கை, மலை அளவென்றால் யுகமுடிவு.

நிலா வெளிச்சம்தான் இந்தப் பொழிவுக்கு முதல் எதிரி. 2027-இல் மே 6 அன்றே அமாவாசை வருவதால் அந்தத் தொல்லை இல்லை. கோடை விடுமுறை வேறு. பிள்ளைகளை மூன்று மணிக்கு எழுப்பினாலும் பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்ற பேச்சு வராது.