எல்லை தாண்டினால் நாம் யார்? இனுயிட் தன்னாட்சியும் புதுச்சேரியின் 'குடிபெயர்ந்த' தலித்துகளும்

அரியாங்குப்பத்திலிருந்து கடலூர்ச் சாலையில் தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில் வழியாகத் தெற்கே சென்றால் முள்ளோடையில் புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது. எல்லையின் இரு பக்கமும் ஒரே பேச்சு; ஒரே கரும்பும் நெல்லும்; பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஒரே உறவு. இரு பக்கமும் சேரி ஊருக்கு வெளியேதான் இருக்கிறது. மாறுவது ஒன்றே ஒன்று: எல்லையைக் கடந்து குடியேறும் தலித் ஒருவர், அரசின் ஏட்டில் அதுவரை இருந்தவராக இருப்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். கடலூர்ப் பக்கத்துப் பறையர் குடும்பம் ஒன்று முப்பது ஆண்டுகளுக்கு முன் கூலி வேலைக்காக அரியாங்குப்பம் வந்து தங்கிவிட்டது. மகள் புதுச்சேரி அரசு மருத்துவமனையில் பிறந்து, இங்குள்ள அரசுப் பள்ளியிலேயே பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தாள். அவளுக்குக் கிடைக்கும் சான்றிதழ் 'குடிபெயர்ந்த அட்டவணை இனத்தவர்' என்பது. மத்திய அரசின் கீழுள்ள ஜிப்மரில் இடம் கேட்டால் அவள் பட்டியல் சாதி. அதே ஊரில் சென்டாக் வழியாக ஆட்சிப்பகுதியின் ஒதுக்கீட்டு இடம் கேட்டால் பொதுப்பிரிவு. தேநீர்க் கடையிலும் வாடகை வீட்டு வாசலிலும் அவளுடைய சாதியைக் கேட்பவர்கள், பூர்வீகமா குடிபெயர்ந்தவளா என்று கேட்பதில்லை.

இது ஏதோ ஓர் அதிகாரியின் முரட்டுத்தனம் அன்று. அரசமைப்பின் சொற்களிலேயே இதன் வேர் உள்ளது. உறுப்பு 341, ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒன்றியப் பகுதிக்கும் தனித்தனியே பட்டியல் வெளியிடக் குடியரசுத் தலைவருக்கு அதிகாரம் அளிக்கிறது. பட்டியலில் உள்ள சாதி 'அந்த மாநிலத்தைப் பொறுத்தவரை' பட்டியல் சாதி. அந்தப் பட்டியலில் சேர்க்கவோ நீக்கவோ நாடாளுமன்றத்தால் மட்டுமே முடியும். பிரெஞ்சு ஆட்சியிலிருந்து 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி இந்தியாவோடு இணைந்த புதுச்சேரிக்கு, 1964 மார்ச் 5 தேதியிட்ட ஆணையின் மூலம் தனிப் பட்டியல் வந்தது. அந்த நாளே இன்றுவரை கோடாக இருக்கிறது. அன்று இங்கே நிலையாக வாழ்ந்தவரும் அவர் வழிவந்தவரும் பூர்வீகம்; பிறகு வந்தவர்கள் எத்தனை தலைமுறை ஆனாலும் குடிபெயர்ந்தவர்கள். ஆணையின் வாசகமோ ஒன்றியப் பகுதியில் 'வசிக்கும்' உறுப்பினர் என்றே பேசுகிறது. வசிப்பதா, பூர்வீகமா என்ற இந்தச் சிக்கல் புதுச்சேரியிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை பலமுறை சென்றிருக்கிறது.

1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அடங்கிய அமர்வு அடிப்படை விதியை வகுத்தது. ஆந்திரத்தின் தெனாலியில் பிறந்து, சிறுவனாகத் தந்தையின் வேலை காரணமாகப் பம்பாய் சென்ற பழங்குடி மாணவர், மகாராட்டிரத்தில் மருத்துவ இடம் கேட்டார். ஒரு மாநிலத்தின் பின்னடைவு இன்னொரு மாநிலத்தின் பின்னடைவு ஆகாது என்று சொல்லி நீதிமன்றம் மறுத்தது. தானாக விரும்பி இடம்பெயராதவர்களைப் பற்றி நாடாளுமன்றம் சிந்திக்கலாம் என்றும் அதே தீர்ப்பு குறிப்பிட்டது. அந்த வரியை நாடாளுமன்றம் இன்னும் படிக்கவில்லை போலும். 2005இல் புதுச்சேரி ஆசிரியர் நியமனம் தொடர்பான புஷ்பா வழக்கில், குடிபெயர்ந்த பட்டியல் சாதியினரைத் தேர்ந்தெடுத்தது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. கதவு சற்றுத் திறந்தது. 2018 ஆகஸ்டில் பீர் சிங் எதிர் தில்லி ஜல் போர்டு வழக்கின் அரசமைப்பு அமர்வு, புஷ்பா தீர்ப்பு கட்டுப்படுத்தும் முன்னுதாரணம் ஆகாது என்று அக்கதவைச் சாத்தியது.

இருளர் நிலை இதனினும் கொடிது. தமிழ்நாட்டில் இருளர் பட்டியல் பழங்குடி. அதிலும் மிகவும் நலிவுற்ற பழங்குடிகளுள் ஒருவர். புதுச்சேரிக்குப் பழங்குடிப் பட்டியலே கிடையாது. ஒன்றியப் பகுதியின் அரசு அவர்களைப் 'பிற்பட்ட பழங்குடி' என்ற தனது சொந்தப் பிரிவில் வைத்திருக்கிறது. அப்பிரிவுக்கு அரசமைப்பின் கவசம் இல்லை. விழுப்புரம் பக்கத்தில் பழங்குடியாக இருக்கும் ஒருவரின் தம்பி, பாகூர் வயல்வெளியில் பிறந்ததனால் பழங்குடி அல்லாதவர் ஆகிறார்.

உறுப்பினர் என்ற நிலை மண்ணோடு ஒட்டியதா, மனிதரோடு ஒட்டியதா? இக்கேள்வியை எதிர்கொண்ட பிறரைத் தேடியபோது எங்களுக்கு மிகவும் பயன்பட்டது வடதுருவத்தை ஒட்டிய இனுயிட் மக்களின் அனுபவம். கனடாவின் 2021 கணக்கெடுப்பின்படி அந்நாட்டில் இனுயிட் மக்கள் 70,545 பேர்; அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தாயகப் பகுதிகளுக்கு வெளியே வாழ்கிறார். மருத்துவம், கல்வி, வேலை, வீட்டுப் பஞ்சம் ஆகியவையே அவர்களை ஒட்டாவா போன்ற நகரங்களுக்குத் தள்ளுகின்றன. அவர்களுடைய தன்னாட்சி அமைப்புகள், ஊரை விட்டுப் போன உறுப்பினரை என்ன செய்வது என்று ஒவ்வொரு விதமாக விடை கண்டிருக்கின்றன.

லாப்ரடார் கடற்கரையின் நுனாட்சியாவுட் இதில் முதன்மையானது. லாப்ரடார் இனுயிட் சங்கம் 1973இல் தோன்றியது. 1977இல் நில உரிமைக் கோரிக்கையை முன்வைத்தது. ஒப்பந்தம் கையெழுத்தானது 2005 ஜனவரி 22 அன்று. அதே ஆண்டு டிசம்பர் 1 முதல் தன்னாட்சி அரசு நடக்கிறது. நெயின், ஹோப்டேல், மக்கோவிக், போஸ்ட்வில், ரிகோலெட் ஆகிய ஐந்து ஊர்களே அதன் உள்ளகம். ஆனால் ஹோப்டேலில் கூடும் பேரவையில் இந்த ஊர்களின் உறுப்பினர்கள் மட்டும் அமர்வதில்லை. ஒப்பந்த நிலத்துக்கு வெளியே, கூஸ் பே நகரத்தைச் சுற்றி வாழ்பவர்களுக்காக 'மேல் லேக் மெல்வில்' என்றொரு தொகுதி உண்டு. அதற்கும் அப்பால், கனடாவின் எந்த மூலையில் வாழும் உறுப்பினருக்கும் 'கனடா' என்ற பெயரிலேயே ஒரு தொகுதி. அதற்கு இரண்டு இடங்கள். டொரோண்டோவில் சமையல் வேலை செய்யும் ஒருவர் தன் தாயகத்தின் பேரவைக்கு வாக்களிக்கலாம். யார் உறுப்பினர் என்பதை முதலில் ஆராய்ந்து முடிவு செய்வதும் இனுயிட் மக்களே அமர்ந்த உறுப்பினர் குழுக்கள்தான். வருவாய் அலுவலகம் அன்று.

இதற்குப் பின்னால் ஒரு காயம் உண்டு. நியூஃபவுண்ட்லாந்து மாகாண அரசு 1956இல் நுடாக், 1959இல் ஹெப்ரான் என்ற வடக்குக் குடியிருப்புகளை மூடி, மக்களைத் தெற்கே சிதறடித்தது. சென்ற இடங்களில் வேட்டை நிலமும் இல்லை, மரியாதையும் இல்லை. ஒப்பந்தம் கையெழுத்தான நாளிலேயே மாகாண அரசு அதற்கு மன்னிப்புக் கேட்டது. வெளியே வாழ்பவர் எல்லாரும் விரும்பிப் போனவர் அல்லர் என்பது அம்மக்களுக்கு எவரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நம் மக்களின் இடப்பெயர்வுக்கு மட்டும் 'தன் விருப்பம்' என்ற முத்திரை எப்படி எளிதாகக் குத்தப்படுகிறது? நிலமற்றவரின் விருப்பத்தில் எவ்வளவு விருப்பம் இருக்கும்?

எல்லா இனுயிட் பகுதிகளும் இவ்வளவு தாராளமாக இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1975 நவம்பரில் கியூபெக் வடக்கில் கையெழுத்தான ஜேம்ஸ் பே ஒப்பந்தம் பத்தாண்டு விதி ஒன்றை வைத்தது: தொடர்ந்து பத்தாண்டுகள் நிலப்பகுதிக்கு வெளியே குடியிருந்தால் பயன்கள் நிறுத்தப்படும், திரும்பி வந்து குடியேறினால் மீண்டும் கிடைக்கும். கிரீன்லாந்தோ 1979இல் உள்ளாட்சியும் 2009இல் விரிந்த தன்னாட்சியும் பெற்றது. அதன் நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்க அங்கே வசிக்க வேண்டும். டென்மார்க்கில் வாழும் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட கிரீன்லாந்தியரில் பெரும்பாலோருக்கு அந்த வாக்கு இல்லை; கோபன்ஹேகன் முதலிய நான்கு நகரங்களில் உள்ள கிரீன்லாந்து இல்லங்களே அவர்களுக்குத் துணை. நுனாட்சியாவுட்டிலும்கூட வேட்டை போன்ற, நிலத்தோடு ஒட்டிய உரிமைகளில் வசிப்பிடம் கணக்கில் வருகிறது. உயர்கல்வி உதவியும் மருத்துவ உதவியும் மனிதரோடு செல்கின்றன. மீனும் மானும் மண்ணோடு நிற்கின்றன. இந்தப் பிரிப்புதான் நமக்குப் பாடமாகிறது.

ஏனெனில், புதுச்சேரியின் பூர்வீகத் தலித்துகள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் இங்கே பட்டியல் சாதியினர் இரண்டு லட்சத்துக்கும் குறைவு. தமிழ்நாட்டில் ஒரு கோடியே நாற்பது லட்சத்துக்கும் மேல். 16 விழுக்காட்டு ஒதுக்கீட்டைக் கதவில்லாமல் திறந்துவிட்டால் பாகூர், வில்லியனூர்ச் சேரிப் பிள்ளைகள் தம் ஊரிலேயே வரிசையின் கடைசிக்குப் போவார்கள். இதைச் சொல்பவர்களைக் குறுகிய மனத்தினர் என்று தள்ளிவிட நாங்கள் ஆயத்தமாக இல்லை. ஆனால் அந்த அச்சம் அளவான வேலைகளையும் கல்லூரி இடங்களையும் பற்றியது. அதே காரணத்தைக் காட்டி எல்லா உரிமைகளையும் எல்லையில் நிறுத்துவது அறிவுடைமை ஆகாது.

சட்டம் ஏற்கெனவே சில இடங்களில் உரிமையைப் பயணம் செய்ய விட்டிருக்கிறது. பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகையை, மாணவர் எந்த மாநிலத்தில் படித்தாலும் அவருடைய சொந்த மாநிலமே வழங்க வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு ஒருவரின் சொந்த மாநிலத்தோடு முடிந்துவிடுவதில்லை என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2023இல் தீர்ப்பளித்தது. அடிவாங்கியவரிடம் பூர்வீகச் சான்று கேட்கும் காவல் நிலையங்களில் இத்தீர்ப்பை எடுத்துக் காட்டுங்கள். மக்களவையின் தனித்தொகுதியில் எந்த மாநிலத்துப் பட்டியல் சாதியினரும் போட்டியிடலாம். 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் அதை வெளிப்படையாகவே சொல்கிறது. அதன்படி அரியாங்குப்பத்துத் தலித் ஒருவர் விழுப்புரம் தனித்தொகுதியில் நிற்கலாம். நம் குடிபெயர்ந்த பெண்ணும் அங்கே நிற்கலாம். ஆனால் தான் பிறந்து வளர்ந்த புதுச்சேரியின் சட்டப்பேரவைத் தனித்தொகுதியான ஏம்பலத்திலோ நெட்டப்பாக்கத்திலோ நிற்க முடியாது.

வாக்குரிமையிலும் இதே கோணல்தான். வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமகன் தன் ஊர்ப் பட்டியலில் பெயர் வைத்திருக்க 2010ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்தது. திருப்பூரில் தங்கிப் பனியன் தைப்பவருக்கு அப்படி ஒரு தனி ஏற்பாடு இல்லை. இதில் புதுச்சேரிக்குச் சொந்தமான ஒரு வேடிக்கையும் உண்டு. இங்கே வாழும் பிரெஞ்சுக் குடிமக்கள், அவர்களில் தமிழர் பலர், பிரான்சின் அதிபர் தேர்தலில் இங்கிருந்தே வாக்களிக்கிறார்கள்; 2012 முதல் வெளிநாடுவாழ் பிரெஞ்சுக்காரர்களுக்கு அந்நாட்டு நாடாளுமன்றத்தில் 11 தனித் தொகுதிகளும் உண்டு. வெளியே வாழும் உறுப்பினரின் வாக்கு என்பது நுனாட்சியாவுட் வரை போய்ப் பார்க்க வேண்டிய அதிசயம் அன்று. நம் கடற்கரைச் சாலையிலேயே நடக்கிறது.

நாடாளுமன்றத்திடம் நாம் கேட்க வேண்டியதும் இந்தப் பிரிப்பைத்தான். பாதுகாப்பு, கல்வி உதவி, வீட்டுமனை போன்றவை மனிதரோடு செல்லட்டும். செலவைச் சொந்த மாநிலமும் வாழும் மாநிலமும் பகிர்ந்துகொள்ளட்டும். இடங்களைப் பொறுத்தவரை, மணவழியாக வந்த பெண்களுக்கும், இங்கேயே பிறந்து பள்ளிக்கல்வி முழுவதையும் இங்கேயே முடித்த பிள்ளைகளுக்கும், பூர்வீகத்தவரின் பங்கைத் தொடாத கூடுதல் இடங்கள் வேண்டும். இருளருக்கு வேண்டியது வேறு: புதுச்சேரிக்கான பழங்குடிப் பட்டியல்.

ஆனால் இதையெல்லாம் கலந்து பேசி முடிவெடுக்கும் மன்றம் எங்கே? இனுயிட் மக்கள் தமக்குள் சண்டையிட்டே மேற்கண்ட விதிகளை அமைத்தார்கள். சண்டையிட அவர்களுக்கு ஒரு பேரவை இருக்கிறது. அரியாங்குப்பம், வில்லியனூர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துகளை அதிகாரிகளே நடத்துகிறார்கள். 1968க்குப் பிறகு 2006இல்தான் புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது; அந்த மன்றங்களின் காலம் 2011இல் முடிந்தது; 2021இல் அறிவித்த தேர்தல் ஒதுக்கீட்டு வழக்குகளில் சிக்கி நின்றுபோனது. மக்கள்தொகை விகிதப்படி உறுப்பு 243டி தலித்துகளுக்கு உறுதியளிக்கும் இடங்கள் காலியாகவே கிடக்கின்றன. பூர்வீகத்தவரும் குடிபெயர்ந்தவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசக்கூடிய அந்த ஒரே இடமும் இல்லாதபோது, இருவரும் ஒருவரையொருவர் எதிர்த்து நீதிமன்றத்தில் மனுப்போடுவதில் வியப்பென்ன?

அதுவரை மாணவர்களுக்கு நடைமுறையில் சில சொற்கள். உங்கள் குடும்பம் வெளியிலிருந்து வந்ததாயின் தந்தையின் சொந்த மாநிலச் சாதிச் சான்றிதழைத் தொலைத்துவிடாதீர்கள். அதை வைத்தே இங்கே குடிபெயர்ந்தவருக்கான சான்றிதழ் வழங்கலாம் என்று ஒன்றிய உள்துறை 1982லேயே அறிவுறுத்தியிருக்கிறது. மத்திய நிறுவனங்களிலும் மத்திய அரசுப் பணிகளிலும் அந்தச் சான்றிதழ் முழு மதிப்புடையது. வேறு மாநிலத்தவர் என்று மறுக்க எவருக்கும் அதிகாரம் இல்லை. 1964க்கு முன்பே உங்கள் பாட்டனார் இங்கே வாழ்ந்திருந்தால், பிரெஞ்சுக் காலத்துப் பிறப்பு, திருமணப் பதிவேட்டின் நகலைத் தேடுங்கள். அங்கே எல்லாப் பிறப்பும் பதிவாகும் வழக்கம் இருந்ததால் பல குடும்பங்களுக்கு அது கிடைக்கும். விண்ணப்பம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்மொழி மறுப்பின் மீது மேல்முறையீடு செய்ய வழியில்லை.