டுர்லாக் தன்னார்வத் தீயணைப்புப் படை

டுர்லாக் தன்னார்வத் தீயணைப்புப் படை என்பது, தென்மேற்கு ஜெர்மனியின் பாடன் பகுதியில் உள்ள டுர்லாக் நகரில் 1846 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தீயணைப்பு அமைப்பு ஆகும். நகரின் கட்டடப் பணிகளுக்குப் பொறுப்பாக இருந்த கிறிஸ்டியான் ஹெங்ஸ்ட் (1804–1883) இதனை அமைத்தார். ஊதியம் பெறாத குடிமக்கள் தாமாக முன்வந்து சேர்ந்து, முறையாகப் பயிற்சி பெற்று, ஒரே தலைமையின் கீழ் இயங்கியமையே இப்படையின் சிறப்பாகும். 1847 இல் அருகில் உள்ள கார்ல்ஸ்ரூ நகரின் அரசவை நாடக அரங்கு தீப்பற்றியபோது இப்படை ஆற்றிய பணி, இத்தகைய அமைப்புகள் ஜெர்மனியின் பிற நகரங்களுக்கும் பரவ ஒரு காரணமாயிற்று.

நகரின் பின்னணி

டுர்லாக், 1565 முதல் பாடன்-டுர்லாக் சிற்றரசர்களின் தலைநகராக விளங்கியது. 1689 இல் பிரெஞ்சுப் படைகள் இந்நகருக்குத் தீ வைத்தன. நகரின் பெரும்பகுதி அழிந்தது. 1715 இல் சிற்றரசர் கார்ல் வில்ஹெல்ம், ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில் கார்ல்ஸ்ரூ என்னும் புதிய நகருக்கு அடிக்கல் நாட்டினார். விரைவிலேயே அரசவையும் அங்கு மாறியது. அதன்பின் டுர்லாக், கைவினைஞர்களும் வணிகர்களும் வாழும் சிறு நகராக நிலைத்தது.

பழைய தீயணைப்பு முறை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஜெர்மன் நகரங்களில் தீயணைப்பு என்பது குடிமக்கள் அனைவருக்கும் உரிய கட்டாயக் கடமையாக இருந்தது. வீடுதோறும் தோல் வாளி வைத்திருக்க வேண்டும் என்பது பல ஊர்களில் விதியாக இருந்தது. தேவாலய மணி ஒலித்தவுடன் மக்கள் திரண்டு, கிணறு அல்லது ஆற்றிலிருந்து தீப்பற்றிய இடம் வரை வரிசையாக நின்று வாளிகளைக் கைமாற்றினர்.

இம்முறையின் குறை ஆள் பற்றாக்குறை அன்று. பெருங்கூட்டம் கூடினாலும், யார் எதைச் செய்வது என்ற ஒழுங்கு இல்லை. ஏணியைக் கையாளவோ பொறியை இயக்கவோ பழகாதவர்களே அவற்றின் அருகே நின்றனர். உதவ வந்தவர்களுடன் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் கலந்திருந்தனர்.

கருவியில் ஏற்பட்ட மாற்றம்

நீர் இறைக்கும் கைப்பொறிகள் முன்னரே இருந்தன. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் யான் வான் டெர் ஹெய்டன் 1670களில் வளையும் தோல் குழாயை அறிமுகப்படுத்தினார். அதற்கு முன், பொறியின் மேல் பொருத்திய குழலிலிருந்தே நீரைப் பீய்ச்ச முடிந்ததால், தீயின் வெளிப்புறத்தை மட்டுமே நனைக்க இயன்றது. வளையும் குழாயைக் கட்டடத்தின் உள்ளே கொண்டுசென்று, எரியும் இடத்திலேயே நீரைச் செலுத்தலாம்.

கார்ல் மெட்ஸ் (1818–1877) என்பவர் 1842 இல் ஹைடெல்பெர்க் நகரில் தீயணைப்புப் பொறிகள் செய்யும் தொழிலகத்தைத் தொடங்கினார். இக்காலக் கைப்பொறிகளில் நெம்புகோலின் இரு முனைகளையும் ஆட்கள் மாறி மாறி அழுத்துவர். இரு உருளைகளில் உள்ள உந்துதண்டுகள் நீரைத் தள்ளும். இடையில் அமைந்த காற்றறை, விட்டுவிட்டு வரும் நீரைத் தொடர்ச்சியான பாய்ச்சலாக மாற்றும்.

இப்பொறியின் பயன் அதனை இயக்குவோரைப் பொறுத்தது. நெம்புகோலை அழுத்துவோர் ஒரே தாளத்தில் இயங்காவிட்டால் நீரின் விசை குறையும். அவர்கள் விரைவில் களைப்படைவதால், மாற்று ஆட்கள் ஆயத்தமாக நிற்க வேண்டும். குழாயைப் பிடித்து ஏணியில் ஏறுபவர், கீழே உள்ளவர்கள் நீரை நிறுத்தமாட்டார்கள் என்று நம்பியே தீயினுள் செல்கிறார். எனவே, பொறியை வாங்கினால் மட்டும் போதாது, அதற்கென நிலையான, பயின்ற குழு வேண்டும் என்று மெட்ஸ் நகர நிருவாகங்களிடம் வலியுறுத்தி வந்தார்.

படையின் தோற்றம்

1846 இல் டுர்லாக் நகரம் மெட்ஸின் பொறி ஒன்றைப் பெற்றது. அதனை இயக்குவதற்காக ஹெங்ஸ்ட் தன்னார்வலர்களைத் திரட்டினார். அக்காலத்தில் ஜெர்மனியில் வளர்ந்து வந்த உடற்பயிற்சிக் கழகங்களைச் சேர்ந்த இளைஞர்கள் இதற்கு முன்வந்தனர். ஏறுதலிலும் தாவுதலிலும் பழகிய இவர்களுக்கு ஏணிப்பணி எளிதாக இருந்தது. சேர்ந்து பயிலும் பழக்கமும் இவர்களிடம் முன்னரே இருந்தது. தீயணைப்போரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லான 'பொம்பியே' என்பதைக் கொண்டு இக்குழு 'பொம்பியே படை' என்று அழைக்கப்பட்டது.

கார்ல்ஸ்ரூ நாடக அரங்கத் தீ

1847 பெப்ரவரி 28 ஞாயிற்றுக்கிழமை மாலை, கார்ல்ஸ்ரூ அரசவை நாடக அரங்கில் தீப்பற்றியது. கட்டடக் கலைஞர் பிரீட்ரிக் வைன்பிரென்னர் வடிவமைத்த இவ்வரங்கின் உட்பகுதி பெரும்பாலும் மரத்தால் ஆனது. அரச குடும்பத்தினருக்கான இருக்கைப் பகுதியில் விளக்கிலிருந்து தொடங்கிய தீ விரைந்து பரவியது. 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

டுர்லாக் படையினர் தம் பொறியுடன் கார்ல்ஸ்ரூவுக்கு விரைந்தனர். அரங்கைக் காப்பாற்ற இயலவில்லை. எனினும், அவர்கள் ஒழுங்குடன் செயற்பட்டு, தீ அருகிலிருந்த கட்டடங்களுக்குப் பரவாமல் தடுப்பதில் முதன்மைப் பங்காற்றினர். அரண்மனையும் அண்மையிலேயே இருந்தது. அரசவையை இழந்த பழைய தலைநகரின் கைவினைஞர்கள், புதிய தலைநகருக்கு உதவியாக வந்து நின்றனர்.

உயிரிழப்பைத் தடுக்க இப்படையால் இயலவில்லை என்பதும் கருதத்தக்கது. மர அமைப்புக் கொண்ட அரங்கில் தீ பரவும் வேகத்தின் முன், அடுத்த ஊரிலிருந்து வரும் உதவி காலம் தாழ்ந்ததாகவே அமையும். ஒவ்வோர் ஊருக்கும் சொந்தப் படை தேவை என்பதை இது உணர்த்தியது. அதே ஆண்டில் கார்ல்ஸ்ரூவிலும் தன்னார்வப் படை அமைக்கப்பட்டது. தீயணைப்புப் படையைக் குறிக்க இன்று ஜெர்மன் மொழியில் வழங்கும் 'ஃபொயர்வேர்' என்னும் சொல்லும் 1847 அளவில் கார்ல்ஸ்ரூ செய்தித்தாளின் வழியே பரவலாயிற்று. 'தீ', 'காப்பு' என்னும் பொருளுடைய இரு சொற்களின் சேர்க்கை இதுவாகும்.

பரவல்

1847 இல் உல்ம் நகரில் கொன்ராட் டீட்ரிக் மாகிருஸ் உடற்பயிற்சிக் கழகத்தினரைக் கொண்டு ஒரு படையை அமைத்தார். அவரது அழைப்பின்பேரில் 1853 இல் பல ஊர்ப் படைகளின் பேராளர்கள் புளோகிங்கன் என்னும் ஊரில் கூடினர். இக்கூட்டமே ஜெர்மன் தீயணைப்புச் சங்கத்தின் தொடக்கமாகக் கருதப்படுகிறது.

இடையில் 1848–49 புரட்சி நிகழ்ந்தது. பாடன் அதன் முதன்மைக் களங்களுள் ஒன்று. 1849 சூன் 25 அன்று டுர்லாக்கிலேயே புரட்சிப் படையினருக்கும் பிரசியப் படையினருக்கும் இடையே மோதல் ஏற்பட்டது. உடற்பயிற்சிக் கழகங்கள் மக்களாட்சி இயக்கத்துடன் தொடர்பு கொண்டிருந்ததால், புரட்சி ஒடுக்கப்பட்டபின் அவை தடைக்கு உள்ளாயின. குடிமக்கள் சீருடை அணிந்து, தாமே தலைவரைத் தேர்ந்து, அணிவகுத்துப் பயில்வது ஆட்சியாளர்களுக்கு ஐயத்தை உண்டாக்கியது. ஆயினும், தீயணைப்புக்கு வேறு வழி இல்லாத சிறு நகரங்களில் இப்படைகள் மீண்டும் வளர்ந்தன. பெருநகரமான பெர்லினில் 1851 இல் ஊதியம் பெறும் பணிமுறைப் படை அமைக்கப்பட்டது. சிறு நகரங்களால் அத்தகைய செலவைத் தாங்க இயலவில்லை.

'முதற்படை' பற்றிய கருத்து வேறுபாடு

டுர்லாக் படையே ஜெர்மனியின் முதல் தன்னார்வத் தீயணைப்புப் படை என்று பல நூல்கள் குறிப்பிடுவதுண்டு. ஆனால், சாக்சனியின் மைசன் நகரில் 1841 இலேயே தன்னார்வத் தீயணைப்பு மற்றும் மீட்புக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. தன்னார்வம் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் மைசன் முந்தியதாகும். புதிய வகைப் பொறியைச் சுற்றி அமைந்த பயிற்சி, வேலைப்பிரிவினை, கட்டளை முறை ஆகியவற்றைக் கருதுவோர் டுர்லாக்கை முன்னிறுத்துகின்றனர்.

இன்றைய நிலை

டுர்லாக் 1938 இல் கார்ல்ஸ்ரூ நகருடன் இணைக்கப்பட்டது. டுர்லாக் தன்னார்வப் படை, கார்ல்ஸ்ரூ தீயணைப்புத் துறையின் ஒரு பிரிவாகத் தொடர்ந்து இயங்கி வருகிறது.

ஜெர்மனியில் இன்றும் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் தன்னார்வத் தீயணைப்பு வீரர்களாக உள்ளனர். பணிமுறைப் படைகள் பெரும்பாலும் பெருநகரங்களில் மட்டுமே உள்ளன. அழைப்பு வரும்போது பணியிடத்தை விட்டுச் செல்ல தன்னார்வலர்களுக்குச் சட்டம் உரிமை அளிக்கிறது. அறிமுகமில்லாத ஒருவரின் வீடு எரியும்போது, தொழிலாளரும் கடைக்காரரும் ஆசிரியரும் தம் வேலையை விட்டு ஓடுகின்றனர். உருளைகளும் நெம்புகோல்களும் மறைந்து இயந்திர ஊர்திகள் வந்துவிட்ட போதிலும், 1846 இல் டுர்லாக்கில் தொடங்கிய மாலைநேரப் பயிற்சி முறையே இவ்வமைப்புகளின் அடிப்படையாக நீடிக்கிறது.